நிமர் இன்னும் கதவுக்கு வெளியேதான் நிற்கிறான்

அக்டோபர் 3, ஞாயிறு

அல்மீனா துறைமுகத்து டாக்ஸிக்காரர்களில் தலைசிறந்தவனும், எட்டு ராஜ்ஜியங்களை ஒற்றைக் கட்டைவிரலால் வென்றவனுமாகிய நான், இந்த நோட்டின்மேல் கைவைத்துச் சத்தியம் செய்கிறேன்: இனி எழுதப்போவதை ஒருவரும் நம்பப்போவதில்லை.

ஒரு கதவுக்காக என் மனைவி என்னை விட்டுப் போய்விட்டாள். வீட்டுக் கதவுகூட இல்லை. டிவிக்குள் இருக்கிற கதவு.

அக்டோபர் 4, திங்கள்

முறையாக எழுதுகிறேன். வரலாற்றில் பிழை வரக்கூடாது.

கல்யாணமான மூன்றாம் வருஷம் டிவியில் மாட்டி ஆடும் அந்த விளையாட்டுப் பெட்டியை வாங்கினோம். ஒரே ஒரு கேசட். அதில் ஒரு பயல், கையில் வரைபடம், எட்டு ராஜ்ஜியம், முடிவில் ஒரு கோட்டை. பயலுக்குப் பெயர் வைக்கச் சொல்லித் திரை கேட்டது. என் மனைவி ஹனாதி யோசிக்கவே இல்லை. "நிமர்" என்றாள். அந்தப் பெயரை எத்தனை நாளாக வைத்திருந்தாளோ.

இங்கே யாரையும் மூத்த பிள்ளையின் பெயரைச் சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. இரண்டே மாதத்தில் தெரு முழுக்க நான் நிமரின் அப்பா, அபூ நிமர்; அவள் நிமரின் அம்மா, உம்மு நிமர். கேலியாகத்தான் ஆரம்பித்தது. அப்புறம் ரேஷன் கடைக்காரனே கேலியை மறந்துவிட்டான்.

ஒரு பொத்தானை அழுத்தினால் நிமர் வாள்வீரன். இன்னொன்றுக்கு மந்திரவாதி. இன்னொன்றுக்கு வைத்தியன், இன்னொன்றுக்குத் திருடன். வாளும் மந்திரமும் எனக்கு, மருந்தும் திருட்டும் அவளுக்கு. ஆள் மாறினால் ஜாய்ஸ்டிக் கை மாறும். ஒருவர் ஆளை மற்றவர் தொடக்கூடாது. பதினைந்து வருஷம் இதுதான் எங்கள் வீட்டுச் சட்டம்.

அக்டோபர் 5, செவ்வாய்

துறைமுகத்தில் கஅக் ரொட்டி விற்கும் முன்ஸிர் கேட்டான்: "என்ன அபூ நிமர், உம்மு நிமர் ஊர்ல இல்லியாமே?"

"சைதாவுல இருக்கா. அங்க கடல் உள்ள வருதாம், இவ வந்து ஒரு பார்வ பாத்தாத்தான் பின்வாங்கும்னு கவர்னரே ஆள் அனுப்பினார்."

"அப்ப உன் சட்டைய யாரு துவைக்கிறா?"

"கவர்னர்."

சிரித்தான். நானும் சிரித்தேன். வண்டியைத் திருப்பும்போது போகவேண்டிய தெருவை விட்டுவிட்டேன்.

அக்டோபர் 6, புதன்

குற்றத்தை எழுதாமல் தப்பிக்கிறேன். எழுது, கிழவா.

கோட்டைக் கதவைத் திருடன் மட்டும்தான் திறக்கமுடியும். நான்கு வருஷமாக நிமரை அதன் வாசலிலேயே நிற்க வைத்திருந்தாள். "பூட்டு சிக்கலா இருக்கு, நாளைக்குப் பாக்கலாம்" என்பாள். பிறகு பின்னால் திரும்பி ஏதாவது காட்டில் மூலிகை பறிக்கப் போவாள். அவளுக்குத் திறக்கத் தெரியவில்லை என்றே நினைத்தேன். போன வாரம் அவள் மீன் வாங்கப் போயிருந்தபோது திருடனைத் தொட்டேன். தொண்ணூறாயிரம் முறை முயன்றேன். (சரி, ஒன்பது.)

திறந்தது!

உள்ளே நாலடி வைத்ததும் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் வருவதற்குள் எல்லாம் அழிந்து, நிமர் மறுபடி கதவுக்கு வெளியே. சாட்சியே இல்லாத குற்றம். உலகத்தில் எந்தத் திருடனுக்கும் இப்படி வாய்க்காது.

ஆனால் எனக்கு ஒரு வாய் இருக்கிறதே? அன்று சாயங்காலம் சாப்பிட்டுக்கொண்டே சொன்னேன்: "நாளைக்கு உள்ள போனா இடப்பக்கம் பள்ளம், பாத்துப் போ."

அவள் கையில் ரொட்டி அப்படியே நின்றது. "பள்ளம் இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அக்டோபர் 8, வெள்ளி

அவள் போய் இருக்கும் சைதா வீட்டுக்குப் போன் செய்தேன். அவள் தங்கை இப்திஹாஜ் எடுத்தாள். "அக்கா தூங்குறா." பின்னாலேயே அக்காவின் குரல்: "தூங்குறேன்னு சொல்லிட்டியா?"

அக்டோபர் 9, சனி

கரண்ட் வந்தது. எல்லா அறையிலும் விளக்கு எரிந்தது. யாருக்கு?

அக்டோபர் 11, திங்கள்

இன்று நானூறு பூதங்களை வெட்டிச் சாய்த்தேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பெட்டியின்மேல் அவள் போட்ட துணியைக்கூட எடுக்கவில்லை. ஒரு கதவுக்கு இவ்வளவு கோபமா? ஹனாதி, ஒரு கதவுக்கா?

அக்டோபர் 13, புதன்

சைதாவுக்கே போய்விட்டேன். வழியில் யாரையும் ஏற்றவில்லை. இப்திஹாஜ் வீட்டு மாடிப்படியில் அவள் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சிடு. சட்டத்த மீறிட்டேன்."

"எந்தச் சட்டம்?"

"திருடன் உன்னோட ஆளு."

"அட முட்டாளே." பீன்ஸைக் கீழே வைத்தாள். "அந்தப் பூட்ட நாலு வருஷம் முன்னாடியே நான் தொறந்து பாத்துட்டேன். பள்ளம், அப்புறம் ஒரு ராட்சசன், அவ்வளவுதான். அவன் செத்தா எழுத்து ஓடும், பாட்டு வரும், முடிஞ்சிடும். சேமிக்காம அணைச்சிட்டேன். முடிஞ்சிட்டா நிமர் எங்க போவான்? சொல்லு. நாம யாரு அப்ப?"

எட்டு ராஜ்ஜியங்களை வென்ற நான் பீன்ஸ் கூடையை என் பக்கம் இழுத்தேன். நானும் உட்கார்ந்து பீன்ஸ் உரித்தேன். கோணலாக உரிக்கிறேன் என்று திட்டினாள். அவ்வளவு சந்தோஷமாக நான் திட்டு வாங்கியதே இல்லை.

அக்டோபர் 14, வியாழன்

வீட்டுக்கு வந்துவிட்டாள். அடுப்படியைப் பார்த்துக் கூரை பறக்கும்படி கத்தினாள். எல்லைக்கு அந்தப்பக்கம் அலெப்போவிலேயே கேட்டிருக்கும்.

பிறகு துணியை எடுத்துவிட்டுப் பெட்டியை ஆன் செய்தாள். கதவுக்கு முன்னால் நிமர் நின்றுகொண்டிருந்தான். பொத்தானை அழுத்தித் திருடனாக்கி, ஜாய்ஸ்டிக்கை என் மடியில் போட்டாள்.

"இனிமே திருட்டு உனக்கு, வாள் எனக்கு. அவனத் திருப்பி நடத்து. முதல் ராஜ்ஜியத்துக்கே கூட்டிட்டுப் போ. ஊரச் சுத்தட்டும், சின்னப் பையன்தானே."

விளையாட்டுக்குள் அது மூன்று நாள் வழி. முதல் சந்தையிலேயே ஒரு கோழியைத் திருடப்போய் மாட்டிக்கொண்டேன். ஹனாதி வாளோடு வந்து காப்பாற்றினாள். இரண்டு ராணுவங்களை வெட்டினாள், மலையைப் பிளந்தாள், கடலை விரட்டினாள்...

சரி. மலையும் கடலும் ராணுவமும் பொய். கோழிகூட வாத்துதான். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் எந்தப் பொத்தான் எது என்றே எனக்கு மறந்துவிட்டது. அது மட்டும் நிஜம்.