சுக்கு எதையும் மிச்சம் வைப்பதில்லை

ஜூலை 7, திங்கள்

காலையிலேயே புழுக்கம். விமானப்படைப் பயிற்சி விமானங்கள் ஏழு மணிக்கே தலைக்கு மேல். பத்தாம் வகுப்பு அறிவியல் தாள் இன்னும் முப்பத்திரண்டு.

இன்று நேரில் பார்த்துவிட்டேன். நாய்க்குட்டி சுக்கு ஹாலில் ஆய் போனான். என் கணவர் எட்வின் (எ.) குளித்துவிட்டுத் தாழ்ப்பாளைத் திறக்கும் சத்தம். உடனே திரும்பி, தான் போனதைத் தானே தின்றான். மூன்று வாய். தரை துடைத்த மாதிரி ஆகிவிட்டது. காபியைக் கொட்டிவிட்டேன்.

குட்டிக்குப் பத்து வாரம். என் பள்ளி ஹெலன் டீச்சர் வீட்டு நாய் போட்ட ஐந்தில் ஒன்று. காய்ந்த சுக்கு நிறம், அதனால் பெயர். வந்து மூன்று வாரம். எ. வேண்டாம் என்று சொல்லவில்லை. "உன் இஷ்டம் நிர்மலா. தரை மட்டும் சுத்தமா இருக்கணும்." கல்யாணமாகி ஒன்பது வருடம். நான் கேட்டு இந்த வீட்டுக்குள் வந்த முதல் உயிர் இவன்தான்.

வாஷ்பேசினில் ஒரு முடி. "இது என்ன?" என்றார் எ. எடுத்துவிட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

நாங்கள் இருவரும் எட்டு மணிக்குக் கிளம்பினால் குட்டி தனியாகத்தான். 4.40க்கு வந்தேன். பால்கனிப் பக்கம் விரித்த செய்தித்தாள் மடிப்புக் கலையாமல். எட்டரை மணி நேரம், ஒரு துண்டு கூட இல்லை. வாயை முகர்ந்தேன். அதேதான்.

கேட்டு வைத்த வைத்தியம்:
- அன்னாசி, தினம் இரண்டு துண்டு (ஹெலன்)
- வேகவைத்த பூசணி (பி.டி. சார்)
- போன இடத்தில் மிளகுப்பொடி (ஏதோ வீடியோ)

அன்னாசியைத் தின்றான். அதையும் தின்றான். மிளகுப்பொடி தூவ ஏதாவது மிச்சம் இருந்தால்தானே.

ஜூலை 10, வியாழன்

சாயங்காலம் இடி மட்டும். மழை இல்லை.

எங்கள் பால்கனிக்கு நேர் கீழே இஸ்திரி வண்டி போடும் செல்வி அக்கா, புடவையைக் கையில் கொடுத்துவிட்டு நின்றார்.

"மேடம், பகல்ல உங்க வூட்ல யாரு கீறாங்க?"

"யாரும் இல்லக்கா. நாய்க்குட்டி மட்டும்தான்."

"நாய் பேசுமா இன்னா? ஆம்பள கொரலு கேக்குது. கத்தல, மெதுவா பேசிகினு கீது. ஒரே பேச்சு, திரும்பத் திரும்ப. டிவிய நிறுத்திட்டுத்தான் போறீங்களா?"

நிறுத்திவிட்டுத்தான் போகிறேன். பிளக்கையே பிடுங்கிவிட்டுப் போகிறேன். ஜெபித்துக்கொண்டே கதவைத் திறந்தேன். கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், குளியலறையில் என்று எல்லா இடமும் பார்த்தேன். நாற்பது வயதில் திருடன் போலீஸ் விளையாட்டு. யாரும் இல்லை. தரையும் சுத்தம்.

எ. சிரித்தார். "அந்தம்மா நாள் பூரா வெயில்ல நிக்கிறாங்க." ஹாலில் டிவி அலமாரியின் மேல் ஒரு கேமரா உண்டு. பக்கத்துத் தெருவில் திருட்டு போனபோது அவர் வாங்கி வைத்தது. அதில் பார்க்கலாமே என்றேன். "அதுல மெமரி கார்டு போய் ஆறு மாசம் ஆச்சு. நான் பாக்கிறதே இல்ல."

ஜூலை 12, சனி

குட்டியை டாக்டரிடம் காட்டினோம். எ.வும் வந்தார். டாக்டர் பூச்சி மாத்திரை கொடுத்தார். சின்னப் பெண், கெட்டிக்காரி.

"போன உடனே எடுத்துடுங்க மேடம். திட்டாதீங்க. திட்டினா, போனதுதான் தப்புன்னு நினைச்சுக்கும். தடயம் இல்லாம பண்ணப் பாக்கும். வீட்ல யாராவது திட்டுறீங்களா?"

"யாருமே இல்லயே" என்றேன். உண்மைதான். எங்கள் வீட்டில் யாரும் குரலை உயர்த்தியதே இல்லை. எ. பக்கத்தில் சுக்குவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுக்கு அவர் செருப்புக்குப் பக்கத்தில் அசையாமல் இருந்தான். "எவ்வளவு சமத்து" என்றார் டாக்டர்.

ஜூலை 13, ஞாயிறு

காலை ஆராதனை, பிறகு திருவிருந்து. இருவரும் மூன்று மணி நேரம் வெளியே. எ. கோயிலுக்குள் போனால் போனை அணைத்துவிடுவார், அதில் கண்டிப்பு.

திரும்பி வந்து கதவைத் திறந்தால், செய்தித்தாள் மேல் இரண்டு துண்டு. முழுசாக.

சந்தோஷத்தில் சிரித்துவிட்டேன். அன்னாசி வேலை செய்கிறது என்று ஹெலனுக்குப் போன் போட எடுத்தேன். பின்னாலிருந்து எ., "இது என்ன?" சுக்கு ஓடினான். நான் குறுக்கே விழுந்து எடுப்பதற்குள் ஒன்று போய்விட்டது.

ஜூலை 14, திங்கள்: சுத்தம்.

ஜூலை 15, செவ்வாய்: சுத்தம். நாங்கள் மூன்று மணி நேரம் இல்லாத ஞாயிற்றில் மட்டும் ஏன் மிச்சம் வைத்தான்?

இன்னொன்று. சுக்கு டிவி அலமாரியைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான். டிவியை அல்ல, அதற்கு மேலே. கூப்பிட்டால் காது மட்டும் திரும்புகிறது, கண் திரும்பவில்லை.

ஜூலை 16, புதன்

தொண்டை வலி. ராஜகீழ்ப்பாக்கம் பள்ளியிலிருந்து வரும் பஸ்ஸில் நின்றுகொண்டே தூக்கம்.

வந்து காபி போட்டுக் குடித்தேன். டம்ளரைக் கழுவி, துடைத்து, பழைய இடத்தில் பழையபடி கவிழ்த்தேன். சிங்க்கைத் துடைத்தேன். தங்கையிடம் பேசினேன், பேசி முடித்ததும் போனில் அந்த அழைப்பை அழித்தேன். பேசக்கூடாது என்று எ. ஒருநாளும் சொன்னதில்லை. பிறகு எதற்கு அழிக்கிறேன்? எத்தனை வருடமாக? திரும்பினால் சுக்கு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜூலை 17, வியாழன்

இதை எழுதி வைக்க வேண்டும்.

எ. கிளம்பிப் போன பிறகு காய்ச்சல் ஏறியது. பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டுப் படுக்கையறையிலேயே படுத்துவிட்டேன். கதவு கொஞ்சம் திறந்திருந்தது. 11.10.

ஹாலில் எ.வின் குரல். "இது என்ன?"

ரயில் ஓடவில்லை போல, திரும்பி வந்துவிட்டார் என்று நினைத்தேன். நினைப்பதற்கு முன்பே எழுந்து உட்கார்ந்து போர்வையை மடித்துக்கொண்டிருந்தேன். தலையணையைத் தட்டி நேராக வைத்தேன். என் கைகளே அதைச் செய்தன.

"இது என்ன?"

எட்டிப் பார்த்தேன். ஹாலில் யாரும் இல்லை. வெளிக்கதவு பூட்டியபடி. சுக்கு வாலை வயிற்றுக்குள் சொருகிக்கொண்டு, வேக வேகமாகத் தின்றுகொண்டிருந்தான். கண் மட்டும் அலமாரியின் மேல். அங்கே கேமராவின் சின்ன நீல விளக்கு.

"ம். குட்" என்றது கேமரா. ஆபீசில் இருந்துகொண்டு போனில் பார்த்துப் பேசுகிறார்.

எனக்கு இருமல் வந்துவிட்டது.

"நிர்மலா? ஸ்கூல் போகலயா?"

"காய்ச்சல்" என்றேன். அலமாரிப் பலகையைப் பார்த்துச் சொன்னேன்.

"ரெஸ்ட் எடு. அந்த ஜன்னல் ஸ்கிரீன் கோணலா இருக்கு பார், இழுத்து விட்டுடு."

இழுத்துவிட்டேன்.

ராத்திரி சாப்பாட்டில் அதைப்பற்றி ஒரு பேச்சும் இல்லை. எனக்கு மாத்திரை வாங்கி வந்திருந்தார். சுக்குவுக்கு அன்னாசி.

ஜூலை 18, வெள்ளி

காய்ச்சல் இல்லை. இருந்தும் போகவில்லை. ஹாலில், தரையில், கேமராவுக்கு நேர் எதிரே உட்கார்ந்து எழுதுகிறேன். ஒயரைப் பிடுங்கிவிடலாம். பிடுங்கவில்லை. பார்க்கட்டும்.

11.20. சுக்கு ஆய் போனான். நடு ஹாலில்.

"இது என்ன?"

சுக்கு திரும்பினான். வாயைக் கையால் மூடி மடியில் போட்டுக்கொண்டேன். அந்தச் சின்ன நெஞ்சு படபடவென்று அடித்தது. என்னுடையதும்தான்.

"நிர்மலா. க்ளீன் பண்ணு."

"இருக்கட்டும்" என்றேன்.

"என்ன?"

"இருக்கட்டும். அது தரை. அவன் குட்டி. இருக்கட்டும்."

ஒன்பது வருடத்தில் நான் அவரிடம் பேசிய மிக நீளமான மறுப்பு. சொன்னபோது அழுகை வந்தது, நிறுத்தவில்லை. நீல விளக்கு மட்டும்.

11.50. காபி போட்டேன். டம்ளரைக் கழுவாமல் தரையில் வைத்தேன். தங்கைக்குப் போன் போட்டேன், வரச் சொன்னேன். அந்த அழைப்பு போனில் அப்படியே இருக்கிறது. குன்றத்தூரிலிருந்து ஆட்டோ பிடித்தாலும் ஒரு மணி ஆகும் என்றாள்.

12.15. நாற்றம். ஈ ஒன்று. சுக்கு மடியிலேயே தூங்குகிறான்.

12.30. கேட் சத்தம். தங்கை வர நேரமாகவில்லை. எ.வின் கிண்டி ஆபீசிலிருந்து ரயிலில் வர சரியாக ஒரு மணி நேரம்.

கீழே செல்வி அக்கா, "இன்னா சார், இந்நேரத்துக்கே வந்துட்டீங்க?" படியில் ஷூ சத்தம், மெதுவாக.

சுக்கு எழுந்துவிட்டான். மடியிலிருந்து இறங்கி அதன் பக்கத்தில் போனான். முகர்ந்தான். என்னைப் பார்த்தான். வேண்டாம் என்று தலையாட்டினேன். திரும்பி வந்து என் பாதத்தின் மேல் உட்கார்ந்துகொண்டான்.

அது அங்கேயே இருக்கிறது. டம்ளரும் இருக்கிறது. பூட்டில் சாவி