அப்பா பெயருக்கு முன்னால் ஒரு சொல்

என் செல்ல அப்பாவுக்கு,

எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை மகர்பட்டா ஐ.டி. பூங்காவில் என்னோடு வேலை பார்ப்பவர். நல்ல சேதிதான். ஆனால் பத்திரிகை அடிப்பதற்குள் வீடு ரெண்டுபட்டுப் போனது. உங்கள் பெயருக்கு முன்னால் 'திரு' போடுவதா, 'அமரர்' போடுவதா?

நீங்கள் பனிமலைக்குப் போய் வருஷங்கள் ஓடிவிட்டன. மேலே மாட்டிக்கொண்ட ஜவான்களை மீட்க, வானிலை மோசம் என்று தெரிந்தும் ராணுவத்தில் உங்கள் குழுவை அனுப்பினார்கள். பனி சரிந்தது. கூடப் போனவர்களின் உடல்கள் கிடைத்தன, உங்களுடையது கிடைக்கவில்லை. யாரை மீட்கப் போனீர்களோ அவர்களும் பிழைக்கவில்லை. எதற்கப்பா அந்தப் பயணம்?

லீவில் வந்தபோது நம் ஊர்க் கோட்டையான சனிவார் வாடாவில் வைத்து எனக்குப் பானிபட் போர்க் கதை சொன்னீர்களே. குடும்பம் குட்டியோடு இங்கிருந்து கிளம்பிய பெரும்படை பட்டினியில் வாடி, ஒரே நாளில் அழிந்தது. தளபதி செத்ததை நம்பாமல் அவர் மனைவி இந்த ஊரில் கடைசிவரை சுமங்கலியாகவே வாழ்ந்தாராம்.

"அவங்க பைத்தியமாப்பா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. பாவம்" என்றீர்கள்.

அந்தக் கதை விஷ்ராந்த்வாடியில் நம் வீட்டிலேயே நடக்கும் என்று யார் கண்டார்கள்?

நீங்கள் இறந்ததாக முடிவு செய்து அரசாங்கம் பென்ஷன் கொடுக்கிறது. அம்மா அதைச் 'சம்பளம்' என்றுதான் சொல்வாள். பொட்டும் பூவும் அப்படியே இருக்கின்றன. வாசலில் யார் வந்து நின்றாலும் நீங்கள்தானோ என்று நிமிர்ந்து பார்ப்பாள். 'அமரர்' போடலாம் என்று சித்தப்பா வாயெடுத்ததும் எகிறினாள்.

"பொணத்த நீ பாத்தியா? பாத்துட்டு வந்து சொல்லு, போட்டுக்கலாம்."

மாப்பிள்ளையின் அம்மா தன்மையாகத்தான் கேட்டார்கள். "திருன்னு போட்டா, பொண்ணோட அப்பா எங்கன்னு எங்க ஜனங்க கேப்பாங்களே. நாங்க என்னன்னு சொல்றது?"

அம்மா அன்று சாயங்காலம் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "போட்டுக்கச் சொல்லுடி" என்றாள். எனக்காகத்தான் விட்டுக்கொடுத்தாள். இத்தனை வருஷம் அவள் பிடித்து வைத்திருந்த உயிர் அது.

பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. அவள் தொடக்கூட இல்லை. எனக்கென்னவோ நீங்கள் போன வாரம்தான் செத்த மாதிரி இருக்கிறது. அழுதும் மனசு ஆறவில்லை.

கல்யாணத்தன்று மண்டப வாசலில் யார் வந்து நின்றாலும் அம்மா இனிமேல் நிமிர்ந்து பார்க்கமாட்டாள். நான் பார்ப்பேன் அப்பா. மணவறையில் உட்கார்ந்திருந்தாலும் திரும்பிப் பார்ப்பேன். இது சத்தியம்.

உங்கள் ஒரே மகள்,
வித்யா