மட்கார்டு மேல் விழுந்த மண்ணாங்கட்டி

என் உயிர் மச்சான் சூசைக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் சிரிப்பாய். பஸ்ஸில் ஏறியவர்களையெல்லாம் விசாரித்துப் பழகிய வாய், கேட்காமல் இருக்க மாட்டேன் என்கிறது. அங்கே உன் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? உன் சிரிப்பை அந்த இடம் தாங்குகிறதா?

உன்மேல் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. அதைச் சொல்ல ஆரம்பித்தால் அழுகைதான் முதலில் வருகிறது. அதனால் உன் டிராக்டர் கைவிட்டுப் போகப் பார்த்த கதையை முதலில் சொல்கிறேன். கோபமும் அதற்குள்ளேதான் இருக்கிறது.

உன்னை அடக்கம் செய்த அன்றைக்கு நல்ல தூறல். ஃபாதர் ஜெபம் சொல்லி முடித்ததும் எல்லோரும் ஒரு கைப்பிடி மண் எடுத்துக் குழிக்குள் போட்டார்கள். நானும் குனிந்து எடுத்தேன். என் கைக்கு மட்டும் மண்ணாங்கட்டியாக வந்தது. அது பெட்டிமேல் விழுந்து டொக்கென்று சத்தம் கேட்டது. பழக்கதோஷம், நீ வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பாய் என்று அங்கேயே நின்றுவிட்டேன். உன் பிலோமினாதான் வந்து கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாள்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு இந்த மண்ணாங்கட்டிச் சமாசாரம் விளங்காது. உனக்குத் தெரிந்த கதைதான், கொஞ்சம் பொறுத்துக்கொள்.

நான் விழுப்புரம், திண்டிவனம் ஓடுகிற தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். நான் ‘விக்கிரவாண்டி’ என்று ஒரு குரல் கொடுத்தால், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் தூங்குகிறவரும் செருப்பைத் தேடுவார். தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு அந்தக் குரல் வெறும் காற்றாகிப்போனது. இப்படியும் ஆகலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லித்தான் செய்தார், அவர்மேல் குற்றமில்லை. ஆனால் குரலில்லாத கண்டக்டரை எந்த முதலாளி வைத்துக்கொள்வார்? வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

நீதான் வந்தாய். “குந்திக்கினு இன்னாடா பண்ற? மெஷினுக்குப் பின்னால நடக்க ஆளு வேணும், எழுந்து வா” என்று இழுத்துக்கொண்டு போனாய்.

உன் அப்பா காலத்து டிராக்டர். செல்ஃப் எடுக்காது. ஏரிக்கரைச் சரிவில் நிறுத்திவைத்து, உருட்டிவிட்டால்தான் உயிர் வரும். அதற்குப் பின்னால், பஞ்சாபிலிருந்து லாரியில் வந்த பழைய வைக்கோல் கட்டும் மெஷின். அறுவடை மெஷின் கழித்துப் போட்ட வைக்கோலை வாரி விழுங்கி, அமுக்கி, ரெண்டு கயிறு போட்டுப் பெட்டி பெட்டியாகப் பின்னால் தள்ளும். ஆனால் அதற்கு ஒரு கெட்ட புத்தி, திடீரென்று ஒரு பக்கத்து முடிச்சைப் போடாமல் விட்டுவிடும். சீட்டில் இருப்பவனுக்கு அது தெரியாது. பின்னால் நடக்கிறவன் பார்த்து உடனே நிறுத்தச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் கட்டெல்லாம் அவிழ்ந்து, நாம் கொல்லை என்கிற வயல் முழுக்க வைக்கோல் பரந்துவிடும்.

முதல் நாளே பரந்துவிட்டது. நான் கத்தினேன், குரல் வரவில்லை. விசிலை ஊதினேன், வைக்கோல் தூசியில் இருமல்தான் வந்தது. நீ இறங்கி வந்து பார்த்தாய். கொல்லையைப் பார்த்தாய், என்னையும் பார்த்தாய். “என்னால ஆவாது மச்சான், வேற ஆளப் பாத்துக்க” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டேன்.

நீ இடது காதில் விரலை விட்டு ஆட்டிக்கொண்டு சொன்னாய். “உன் தொண்ட நல்லாத்தான்டா இருக்குது. என் காதுதான் போச்சி. இந்த சைலன்சர் சத்தத்துல எப்பவோ அடிச்சிக்கினு பூட்ச்சி. நீ இன்னா கத்தினாலும் எனக்குக் கேக்காது. ஒரு மண்ணாங்கட்டிய எடுத்து மட்கார்டு மேல அடி. அந்த அதிர்ச்சி சீட்டுக்கு வரும், நிறுத்திடறேன்.”

நானும் நம்பிவிட்டேன். ஐயோ பாவம், நமக்குத் தொண்டை போன மாதிரி இவனுக்குக் காது போயிருக்கிறதே என்று உனக்காக இரக்கப்பட்டேன். அன்றைக்கு எடுத்த மண்ணாங்கட்டிதான். எத்தனை அறுப்பு, எத்தனை கொல்லை. டங்கென்று விழும், வண்டி நிற்கும், நீ திரும்பிப் பார்த்துச் சிரிப்பாய். மட்கார்டு முழுக்க அம்மை வடுபோல ஒடுக்கு.

சரி, இப்போதைய சேதிக்கு வருகிறேன்.

நீ போன பிறகு வண்டி ஏரிக்கரையிலேயே தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நின்றது. தை பிறந்ததும் இரும்பை கிராமத்துப் பக்கம் ரிசார்ட் கட்டியிருக்கிற ஒருவர் காரில் வந்தார். பழைய டிராக்டரைப் புதுசுபோல ஆக்கி வாசலில் நிறுத்தினால் வருகிறவர்கள் படம் எடுத்துக்கொள்வார்களாம். சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வண்டி போனால் நான் மறுபடியும் சுவரைப் பார்த்து உட்கார வேண்டியவன்தான். ஆனால் அதை பிலோமினாவிடம் எப்படிச் சொல்ல? புருஷனைப் பறிகொடுத்தவள் முன்னால் என் பிழைப்பைப் பேசுவதா? அவளே சொன்னாள். “பாக்க சொல்ல வயிறு எரியுதுண்ணா. தெனமும் அது நிக்குது, அவரு இல்ல. அவங்களாவது தொடச்சி வெச்சிக்குவாங்க.” நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை அஞ்சலை வந்தாள். திருவாமாத்தூர் போகிற வழியில் சின்னக் கொல்லை வைத்துக்கொண்டு கறவை மாடுகளை நம்பிக் காலம் தள்ளுகிறாளே, அவள்தான். அறுத்துப்போட்ட வைக்கோல் காய்ந்து கிடக்கிறதாம், மழை வருமென்று டிவியில் சொல்கிறார்களாம். புதிய பெரிய மெஷின்காரர்கள் அந்த வண்டிப்பாதையில் திரும்ப முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். “நனைஞ்சா கறுத்துப்பூடும்க்கா, மாடு மோந்துகூட பாக்காது. வருஷத்துக்கும் இன்னா போடுவேன்?” என்று உன் வாசலில் நின்று கேட்டாள்.

பிலோமினா ஏரிக்கரைப் பக்கம் பார்த்தாள். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, “அண்ணா, நான் ஓட்டறேன். ஓடிச்சின்னா பாக்கலாம். ஓடலைன்னா சனிக்கிழம அவுங்களே எடுத்துக்கினு போவட்டும்” என்றாள்.

அவளுக்கு டிராக்டர் ஓட்டத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு திண்டிவனம் போகும்போது ஆளில்லாத ரோட்டில் ஸ்டியரிங்கைக் கொடுப்பாயாமே? என்னிடம் மூச்சு விடவில்லையே நீ.

வெள்ளிக்கிழமை பனி காய்ந்ததும் அவள் சிலுவை போட்டுக்கொண்டு ஏறினாள். நான் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். சரிவில் உருண்டு, இருமி, கரும்புகை தள்ளி, உன் வண்டி கிளம்பிவிட்டது. அஞ்சலை கையெடுத்துக் கும்பிட்டாள், எந்தச் சாமியை என்று தெரியவில்லை.

கொல்லையில் இறங்கி முதல் வரிசை பாதிகூடப் போகவில்லை, மெஷின் தன் புத்தியைக் காட்டிவிட்டது. நான் குனிந்து மண்ணாங்கட்டியை எடுத்தேன். எடுத்தேனே தவிர, கை எழவில்லை. உன் சீட்டில் ஒரு பெண்பிள்ளை. முதல்முறையாக மெஷினை இழுத்துக்கொண்டு போகிறாள். அவள் பக்கம் கல்லை எறிவது மாதிரி எறிவதா? அவளுக்கென்ன, காதா கேட்காது? “பிலோமினா” என்று கத்தினேன், கத்தியது எனக்கே கேட்கவில்லை. பக்கவாட்டில் ஓடிப்போய்க் கையை ஆட்டினேன். அவள் பயத்தில் முன்சக்கரத்தைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. வரப்பு வந்து அவளாக நிறுத்தியபோது பின்னால் அவிழ்ந்த வைக்கோல் காற்றில் பறந்துகொண்டிருந்தது. கிழக்கே மேகம் கறுத்து நின்றது.

அவள் இறங்கி வந்து பார்த்தாள். நீ பார்த்த அதே மாதிரி, கொல்லையையும் என்னையும்.

“இன்னாண்ணா, மண்ணாங்கட்டி எங்க?”

“உனக்குக் காது கேக்குமேன்னு பாத்தேம்மா. அவனுக்குக் கேக்காததாலதானே அப்பிடி அடிச்சிக்கினு இருந்தேன்.”

அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் கிண்டல் செய்கிறேனோ என்று பார்த்திருப்பாள்போல. அப்புறம் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஐயோ அண்ணா. இன்னுமா உங்களுக்குத் தெரியாது? அவருக்கா காது கேக்காது? வாசல்ல செருப்பு கழட்டுற சத்தத்துலயே யாருன்னு சொல்லுவாரு. வூட்டுல நாங்க ரெண்டு பேரும் மெதுவாத்தான் பேசிக்குவோம். நீங்க வந்தா மட்டும் நான் கத்திப் பேசணும். அது அவரு எனக்குப் போட்ட ஆர்டரு. ‘மச்சானுக்குத் தொண்ட போன கவலையே போதும், இதுல நாம திரும்பத் திரும்ப இன்னா இன்னான்னு கேட்டா சாவான். குத்தம் என் காதோடவே இருக்கட்டும்’னு சொல்லுவாரு.”

மச்சான், நான் வந்தாலே உன் மனைவி ஏன் இப்படிக் கத்துகிறாள், நான் வருவது பிடிக்கவில்லையோ என்று எத்தனை நாள் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறேன்.

அந்தக் கொல்லை நடுவில் எனக்கு ஒவ்வொன்றாக வந்தது. டீக்கடையில் ஒருத்தன் என் குரலைக் காற்றாக ஊதிக் காட்டியபோது, “இன்னாது? எனக்கும் கேக்கல, நான் செவுடு. அவன் காத்து, நான் செவுடு, நல்ல ஜோடி” என்று உன்னையே கேலி செய்து சிரிப்பை உன் பக்கம் திருப்பிக்கொண்டாய். அதிலிருந்து யாரும் என்னைச் சத்தமாகப் பேசச் சொன்னதில்லை. ஊரே உன் காதருகில் வந்து கத்தியது. ‘செவிட்டு சூசை’ என்பதே உன் பேராகிப்போனது. நீ செத்த அன்றைக்கு அடித்த கண்ணீர் அஞ்சலி பேனரிலும் அப்படித்தான் போட்டிருந்தார்கள். நானும் அதன் கீழே நின்று அழுதேன்.

எப்படி முடிந்தது உன்னால்? ஒரு நாள்கூட மறந்துபோய், யாராவது கூப்பிட்ட சத்தத்துக்குத் திரும்பிப் பார்க்கவில்லையே. பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம் இந்தப் பொய்யைச் சொன்னாயா? அவர் என்ன தண்டனை கொடுத்தார்? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன்னைக் கட்டிப்பிடித்திருப்பேனே. இல்லை, சண்டைதான் போட்டிருப்பேன், வேலைக்கும் வராமல் போயிருப்பேன். அது உனக்குத் தெரியும். இதுதான் என் கோபம். சண்டை போட ஆளில்லாமல் செய்துவிட்டாய்.

பிலோமினா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “ஜல்தி வாங்கண்ணா, மேகம் வருது. இந்த சத்தத்துல எனக்கும் ஒண்ணும் கேக்காது. கட்டிய எடுத்து அடிங்க” என்று சீட்டில் ஏறினாள்.

அடித்தேன். டங்.

வண்டி நின்றது. அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அதற்குமேல் எதுவும் எங்களுக்குக் கஷ்டமாக இல்லை. முடிச்சு விட்டபோதெல்லாம் அடித்தேன், அவள் நிறுத்தினாள், நான் கயிற்றை மாட்டிவிட்டேன். அஞ்சலை தனியாளாகவே ஒவ்வொரு கட்டாகத் தூக்கிக் கொட்டகைக்குள் அடுக்கினாள். கடைசிக் கட்டு உள்ளே போகும்போது முதல் சொட்டு என் கழுத்தில் விழுந்தது.

சனிக்கிழமை ரிசார்ட்காரர் வந்தார். நல்ல மனிதர்தான், வண்டியை ஆசையாகச் சுற்றிவந்தார். மட்கார்டைத் தடவிப் பார்த்து, “இவ்ளோ ஒடுக்கு இருக்கே? பரவால்ல, தட்டி நிமித்தி பெயின்ட் அடிச்சா தெரியாது” என்றார்.

பிலோமினா அவர் கை வைத்த இடத்திலேயே தன் கையையும் வைத்தாள். “அது ஒடுக்கு இல்ல சார், எங்கண்ணன் பேசுனது. அத நிமித்தக் கூடாது. வண்டி குடுக்கறதுக்கில்ல, தப்பா நெனச்சிக்காதீங்க. உக்காருங்க, காப்பி போடறேன்” என்றாள். மெதுவான குரலில்தான் சொன்னாள். அவள் வீட்டில் நான் கேட்ட முதல் மெதுவான பேச்சு அது.

இப்போது மாசி பிறந்துவிட்டது. அஞ்சலையைப் பார்த்துவிட்டு வேறு சின்னக் கொல்லைக்காரர்களும் கூப்பிட்டிருக்கிறார்கள். கயிறு வாங்க நானும் பிலோமினாவும் நாளை விழுப்புரம் போகிறோம். உன் கல்லறைக்குக் கல் சொல்லியாகிவிட்டது. பேர் வெட்டுகிறவர், “செவிட்டு சூசைன்னு போட்டாத்தானே ஊருக்குத் தெரியும்?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை என்று கிட்டே வந்தார். மறுபடியும் சொன்னேன், ஏன் என்பதையும் சொன்னேன். உளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

இனி ஊரில் ஒவ்வொருவரையும் கிட்டே கூப்பிட்டு இப்படித்தான் சொல்லப்போகிறேன். என் குரல் எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம் உன் காது நல்ல காது என்று சொல்வேன். குரல் போகாத தூரத்துக்குத்தான் இந்தக் கடிதம்.

கல்லறைத் திருநாளுக்குப் பூவும் மெழுகுவத்தியும் பிலோமினா கொண்டுவருவாள். நான் நம் கொல்லையிலிருந்து ஒரு மண்ணாங்கட்டி கொண்டுவந்து உன் கல்மேல் மெதுவாகப் போடுவேன். அடக்கத்தன்று பெட்டிமேல் விழுந்ததும் உனக்குக் கேட்டிருக்கும், இப்போது எனக்குத் தெரியும். நீ திரும்பிப் பார்க்க வேண்டாம் மச்சான். பின்னால்தான் வந்துகொண்டிருக்கிறேன், முடிச்சை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பிலோமினாவுக்கு அண்ணன்,
உனக்கு என்றைக்கும் மச்சான்,
கன்னியப்பன்