நேர்காணலுக்கு எந்த ஊர்

மார்ச் 4

இன்று மூன்று லிஃப்ட் பழுது பார்த்தேன். கடைசி ஒன்றில் கதவு மூடப் போவதும் திறந்துகொள்வதுமாக அடம்பிடித்தது. கீழ்த்தடத்தில் யாரோ ஒரு குழந்தையின் பாசிமணி. எடுத்துப் போட்டேன், சரியாகிவிட்டது.

மத்தியானம் மனைவி போன், அவள் வேலை பார்க்கும் நாட்டிலிருந்து. எனக்காக அவள் போட்ட குடியேற்ற மனுவை ஏற்றுக்கொண்டார்களாம். இனி விசா நேர்காணல்தான் பாக்கி. நான் வேலை பார்க்கும் இந்த நாட்டிலேயே வைத்துக்கொள்ளலாம், சொந்த ஊருக்குப் போயும் வைத்துக்கொள்ளலாம். எது என்று நான்தான் குறித்து அனுப்ப வேண்டும்.

"ஊர்லயே வெச்சுக்கலாங்க" என்றாள், நான் வாயைத் திறப்பதற்குள்.

"ஏன்?"

"அங்க அத்தான் இருக்காரு. அலைச்சலெல்லாம் அவரு பாத்துப்பாரு."

அத்தான்!

மார்ச் 5

அவளுடைய அத்தை மகன். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறான். எங்களுக்குக் கல்யாணம் பேசப் போன அன்று கூடத்தில் அவன்தான் நாற்காலி எடுத்துப் போட்டான். முதலில் அவனுக்குத்தான் அவளைக் கொடுப்பதாக இருந்ததாம். சொந்தத்தில் வேண்டாம் என்று யாரோ சொல்லி நின்றுபோயிற்றாம். யார் சொன்னார்கள்? மூன்று வருஷமாகக் கேட்க நினைக்கிறேன். கேட்டதில்லை.

அவன் என்னை அண்ணே என்கிறான். எவ்வளவு மரியாதை பார் என்கிறார்கள் எல்லாரும். யோசித்தால் அல்லவா தெரியும்! அவளைத் தங்கச்சியாக நினைப்பவன் என்னை மச்சான் என்றுதானே கூப்பிட வேண்டும்? அண்ணே என்றால் அவள் இன்னும் அவனுக்கு முறைப்பெண் என்றுதானே கணக்கு?

அவன் 'அத்தான்'. தாலி கட்டிய நான் 'என்னங்க'.

மார்ச் 8

அறையில் கூட இருக்கும் பேக்கரிக்காரரிடம் சொன்னேன். சட்டையெல்லாம் மாவு, அப்படியே கட்டிலில் உட்கார்ந்து கேட்டார்.

"ஊருக்கே போ தம்பி. பொண்டாட்டியையும் அங்க வரச் சொன்னா பாத்த மாதிரி ஆச்சு."

"இங்கன்னா சீக்கிரம் முடியும்ணே."

"யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை.

மார்ச் 9

இன்று அவனே கூப்பிட்டான். "அண்ணே, ஒண்ணும் கவலைப்படாதீங்க, வந்து எறங்குங்க போதும். எங்க வீட்டு மாடி ரூம் காலியாத்தான் இருக்கு. பாப்பாவும் மே மாசம் லீவு போட்டு வர்றேன்னு சொல்லுச்சு."

பாப்பாவாம். ஆஸ்பத்திரியில் ஒடிந்த கால்களையெல்லாம் நடக்க வைக்கிற பிசியோதெரபிஸ்ட், இவனுக்கு மட்டும் பாப்பா.

அது போகட்டும். அவள் லீவு போட்டு வருவது எனக்கே தெரியாது. அவனுக்குத் தெரியும். என்னிடம் சொல்லாததை அவனிடம் ஏன் சொன்னாள்? யாரைப் பார்க்க வருகிறாள்?

மார்ச் 10

நான் இருக்கும் இந்த நாடுதான் என்று குறித்து அனுப்பிவிட்டேன். அனுப்பிவிட்டுத்தான் அவளிடம் சொன்னேன்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றாள். பிறகு, "சரி, உங்க இஷ்டம்."

குரல் கம்மிப்போயிருந்தது. எதற்கு? அவனைப் பார்க்க முடியாமல் போகிறதே என்றா?

ஏப்ரல் 2

நேர்காணல் மே 12. அவளால் இங்கே வர முடியாது. இந்த நாட்டுக்குள் வர அவளுக்கு விசா கிடைக்கவே மாசக்கணக்காகும். மே மாத லீவை மாற்றித் தர மாட்டார்களாம். அதனால் ஊருக்கே போய் அம்மா அப்பாவோடு இருந்துவிட்டு வருகிறாளாம்.

போகட்டும். நன்றாக இருக்கட்டும்.

மே 9

ஊர் போய்ச் சேர்ந்துவிட்டாள். போட்டோ வந்தது. எல் போர்டு வைத்த கார். அவன் ஓட்டுகிறான், முன்சீட்டில் அவள், பல் தெரியச் சிரிக்கிறாள். பின்சீட்டில் மாமனார் இருப்பது நாலாம் தடவை பார்த்தபோதுதான் தெரிந்தது.

மே 12

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓர் அம்மாள். நிதானமாகத்தான் கேட்டாள்.

கல்யாணத்துக்குப் பிறகு எத்தனை நாள் சேர்ந்து இருந்தீர்கள்? மூன்று வாரம். அதற்கப்புறம்? பார்க்கவில்லை. இப்போது மனைவி எங்கே? சொந்த ஊரில், லீவில். நீங்கள்? இங்கே.

அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "நேர்காணலை அங்கேயே கேட்டிருக்கலாமே?"

என்ன சொல்ல? உங்களுக்குத் தெரியாதம்மா, அங்கே ஒரு டிரைவிங் ஸ்கூல் இருக்கிறது என்றா?

விசா இல்லை என்றும் சொல்லவில்லை, உண்டு என்றும் சொல்லவில்லை. புருஷன் பெண்டாட்டியாக வாழ்கிறீர்கள் என்பதற்கு இது போதாது, இன்னும் ஆதாரம் அனுப்புங்கள் என்று ஒரு சீட்டு கொடுத்தார்கள்.

மே 13

அவளுக்குச் சொன்னேன். அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"சேந்து இருந்த நாள் கம்மி, அதைத்தான் கேப்பாங்கன்னு மனு போட்ட வக்கீல் சொன்னாரு. அதுக்குத்தான் லீவு போட்டேன். ரெண்டு பேரும் கொஞ்ச நாள் ஒண்ணா இருந்துட்டு ஒண்ணாப் போலாம்னு."

"என்கிட்ட சொல்லலியே! அவன்கிட்டதானே மொதல்ல சொன்ன?"

கொட்டிவிட்டேன். கொட்டியதை அள்ள முடியுமா?

"லீவு கெடைச்சப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். அம்மா வீட்ல நமக்குன்னு ஒரு ரூம் ஏதுங்க? அதான் அவர்கிட்ட மாடி ரூம் கேட்டேன். சொந்தத்துல வேணாம்னு அன்னைக்குச் சொன்னது யாருன்னு நெனைச்சீங்க? நான்தான். நீங்க ஒரு நாள் கேப்பீங்கன்னு பாத்தேன்."

கேட்கவில்லையே. ஒரு நாளும் கேட்கவில்லையே, மடையன்.

மே 16

சூப்பர்வைசர் காலில் விழாத குறை. ஒரு வாரம் லீவு கிடைத்தது. ஊருக்கு வந்துவிட்டேன். ஸ்டேஷனுக்கு அவள் வந்திருந்தாள். அவனும்தான். பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் போய்விட்டான். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மே 18

ஆதாரத்துக்கு அவன்தான் போட்டோ எடுக்கிறான். "அண்ணே, கொஞ்சம் ஒட்டி நில்லுங்க. கல்யாணம் ஆன மாதிரி இருக்கட்டும்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு முகம் சுருங்கியது. அந்தப் போட்டோவில் அப்படியேதான் விழுந்திருக்கிறேன். அதையும் சேர்த்தே அனுப்பச் சொல்கிறாள் — நிஜமான புருஷன் முகமாம்.

ஜூலை 30

விசா வந்துவிட்டது.

அக்டோபர் 14

அவள் வேலை பார்க்கும் நாட்டுக்கு வந்து ஒரு மாசம். லிஃப்ட் வேலைக்கு இங்கே தனியாகப் பரீட்சை எழுத வேண்டும். வீட்டில் உட்கார்ந்து படிக்கிறேன். சமையலும் நான்தான்.

சாயந்தரம் ஜன்னலில் பார்த்தேன். ஒரு கார் வந்து நின்றது. அவள் இறங்கினாள். ஓட்டி வந்தவனும் இறங்கி அவள் பையை எடுத்துக் கொடுத்தான். நல்ல உயரம். ஏதோ சொன்னான், சிரித்தாள்.

பகபகவென்று எரிந்தது. ஜன்னலுக்குப் பின்னாலேயே நின்றேன். பிறகு செருப்பைக்கூட மாட்டாமல் இறங்கிப் போய், "யாரு இவரு?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "எங்க எக்ஸ்ரே டெக்னீஷியன். பஸ் ஸ்டிரைக், அதான் கொண்டுவந்து விட்டாரு."

மேலே வரச் சொன்னேன். வந்தான். இரண்டு கப் காபி குடித்தான். நன்றாகத்தான் பேசுகிறான், பாவி.

அவன் போனதும், "ஆளு நல்லாத்தான் இருக்கான்" என்றேன்.

"ஆமா" என்றாள். கொஞ்சம்கூட யோசிக்காமல்! அப்புறம், "நாளைக்கும் ஸ்டிரைக்காம். அவர்கூடத்தான் வரணும்" என்றாள்.

"காபிக்குப் பால் தீந்துபோச்சு. வாங்கி வெக்கிறேன்" என்றேன்.