பெடல் மிதித்துப் பாடிய தாலாட்டு

அன்புள்ள சின்ன மகளுக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பயலும் அதைவிட ஒரு படி கூடவே சுகமாக இருக்க வேண்டும். முதலில் நம் வீட்டுப் பிள்ளைகளின் பெருமையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குக் கை ஓடாது. உன் அண்ணன் மகள், நாம் பட்டாசு என்று கூப்பிடுகிறவள், ஓட்டப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தாள், முதலில் வந்தவள் இவளைவிட இரண்டு வயது மூத்தவளாம், அப்படியென்றால் இவள்தானே முதல் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். அவள் தம்பி பதினாறாம் வாய்ப்பாட்டை மூச்சு விடாமல் ஒப்பிக்கிறான், ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அது சரியா தப்பா என்று எங்கே தெரியப் போகிறது, தலையை மட்டும் பலமாக ஆட்டிவிடுகிறேன். உன் மகனுக்கு மூன்று மாதத்திலேயே தலை நின்றுவிட்டது என்று மாப்பிள்ளை சொன்னார், அதையும் அவர்கள் கணக்கோடு சேர்த்துத்தான் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன், எட்டு நாளாக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அன்றைக்குப் போனில் நீ, இவன் ரெண்டு மணி நேரம் சேர்ந்தாப்ல தூங்க மாட்டேங்கிறான், நான் தூங்கியும் ரெண்டு மாசமாச்சு, நீதான் வர முடியல, ஒரு தாலாட்டாவது பாடி அனுப்பும்மா என்று கேட்டாய். முழங்காலைப் பார்த்த டாக்டர் விமானம் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார், தையல் மெஷின் மிதிக்கக் கூடாது என்றும்தான் சொன்னார், அதை விடு. பட்டாசு போனைத் தையல் மெஷின் மேல் சாய்த்து வைத்தாள், நானும் தலையணை உறைக்கு ஓரம் அடித்தபடியே பாடினேன். கண்ணை மூடு கண்மணியே, காத்து வந்து கதவடைக்கும் என்று நானே கட்டிய பாட்டு, மெதுவாகத்தான் ஆரம்பித்தேன், இரண்டாவது அடியில் பெடல் வேகம் பிடித்தது, பாட்டும் அதன் பின்னாலேயே ஓடிவிட்டது. அதைக் கவனிக்காமல் அனுப்பியும் விட்டோம்.

மாப்பிள்ளையிடமிருந்து ஒரு கட்டைவிரல் படம் வந்தது. நீயோ, பாட்டு கேட்டேம்மா, அப்புறம் பேசுறேன் என்று மட்டும் சொல்லி அனுப்பினாய். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. மனசு கேட்காமல் நானே ஆள் ஆளாகப் போய்க் கேட்டேன். மருந்துக் கடைக்காரர் விரலால் மேசையில் தாளம் தட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, நல்லாத்தான் இருக்கு பெரியம்மா, எந்த ஊர்வலத்துக்கு என்றார். பாட்டி, இதுக்கு ஆடலாம், தூங்கத்தான் முடியாது என்கிறாள் பட்டாசு. உன் அண்ணி, குரல் நல்லா இருக்கு அத்தை என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். தைத்ததைக் காட்டினால் துணி நல்ல துணி என்று சொல்கிறவர்களை நான் பார்த்ததில்லையா.

மறுநாள் மெஷினை மூடிவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு பாடிப் பார்த்தேன். இரண்டாவது அடியே நினைவுக்கு வரவில்லை, கால் மட்டும் தரையில் தானாக ஆடுகிறது. அப்போதுதான் உறைத்தது, உனக்கு நான் தாலாட்டு என்று தனியாகப் பாடியதே இல்லை. மெஷினுக்குப் பக்கத்தில் தொட்டிலைக் கட்டிவிட்டு வேலையைப் பார்ப்பேன், அந்தச் சத்தத்தில் நீ தூங்குவாய். நூல் அறுந்து மெஷின் நின்றால் உடனே விழித்துக்கொள்வாய், அதற்காகவே நூல் இல்லாமலும் வெறும் பெடலை மிதித்துக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த தாலாட்டு அதுதான் கண்ணு. அதைக் கேட்டு உன் பிள்ளை தூங்கினானா, இன்னும் கத்தினானா, இல்லை நீதான் அழுதாயா, எதுவென்று தெரியாமல் ஒரு வேலை ஓட மாட்டேன் என்கிறது, நேற்று ஒரு உறையை நாலு பக்கமும் மூடித் தைத்துவிட்டுப் பிரித்தேன்.

நன்றாக இல்லை என்றால் இல்லை என்று சொல், அம்மா மனசு நோகும் என்று பார்க்காதே, உனக்குத் தூக்கம் வந்தால் போதும், எனக்குப் பேர் வேண்டாம். பிள்ளை தூங்கும்போது பாத்திரம் கழுவப் போகாதே, நீயும் பக்கத்தில் படு. மாப்பிள்ளை ஒரு வேளை சமைத்தால் குறைந்துபோய்விட மாட்டார் என்று நான் சொன்னதாகவே சொல். நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும்.

பிள்ளையின் படம் வாரம் பத்து வருகிறது, ஒன்றிலும் நீ இல்லை, ஒரே ஒரு படத்தில் உன் முழங்கை தெரிந்தது. தலை சீவாவிட்டாலும் சரி, உன் முகம் தெரிகிற மாதிரி ஒரு புதுப் படம் எடுத்து, காகிதத்தில் போட்டுத் தபாலில் அனுப்பு. போனில் வந்தால் எனக்குப் பெரிதாக்கத் தெரியாது, பட்டாசைக் கூப்பிட வேண்டும். காகிதமாக இருந்தால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உன் கண்ணை நானே பார்த்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
உன் பதிலுக்காக வாசலையே பார்த்திருக்கும் அம்மா