பங்கா கயிற்றின் ஓட்டை

செங்கல்பட்டு
6.10.2025

அன்பு மகள் ஷாரோனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையில் நானும் உன் அப்பாவும் சுகம், வீட்டு ஃபேன் மட்டும் சுகமில்லை. நார்வே குளிரில் நீ காதை மூடிக்கொண்டு போகிறாயா இல்லையா என்று இங்கே எனக்குக் கவலை. ஃபேனைக் கழற்றிப் பார்க்க அப்பாவுக்கு நேரமில்லை, டவுன் ஹால் கமிட்டியில் சேர்ந்ததிலிருந்து 1889-இல் கட்டிய அந்தக் கட்டடம்தான் அவருக்கு வீடு. இரண்டடி கனச் சுண்ணாம்புச் சுவர், மெட்ராஸ் டெரஸ் கூரை என்று சோற்றில் கை வைக்கும்போதும் அதே பேச்சு. இப்போது அங்கே ரிப்பேர் நடக்கிறது. மேற்குச் சுவரில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு ஓட்டை உண்டே, கரண்ட் வராத காலத்தில் உள்ளே கூரையில் தொங்கிய பங்கா என்ற பெரிய துணி விசிறியின் கயிறு அது வழியாகத்தான் வெளியே வரும், என் தாத்தா சாலமோன் வராந்தாவில் உட்கார்ந்து அதை இழுத்தவர். நம் ஆட்கள் உள்ளே போகக் கூடாத காலம். பதினெட்டு வருஷம் அத்தனை பேச்சையும் கேட்டார், பேசியவர் முகம் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. அந்த ஓட்டையைப் பூசப் போகிறார்கள் என்று அப்பா சொன்னதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தாத்தா இருந்ததற்கு இந்த ஊரில் வேறு அடையாளம் கிடையாது கண்ணு.

சனிக்கிழமை கூட்டத்துக்கு அப்பா பிரஷர் மாத்திரையை மறந்துவிட்டுப் போனார். கொடுக்கப் போன நான் வராந்தாவில் நின்றேன். உள்ளே அவர் எழுந்து பேசினார், மைக் கரகரத்து எதிரொலியில் ஒன்றும் விளங்கவில்லை. காண்டிராக்டர் பிரவின்குமார், அது எலி ஓட்டை சார், மூடிடலாம் என்றது மட்டும் ஓட்டை வழியாகத் தெளிவாகக் கேட்டது. அதை மூடுவதற்கென்று அடுக்கியிருந்த சிமெண்ட் மூட்டைகள் மேல் ஏறினேன். ஓட்டையில் வாயை வைத்து, எலியாவது இன்னாவது, எங்க தாத்தா சாலமோன் இங்க குந்திகினுதான் உள்ள இருந்தவங்களுக்கெல்லாம் காத்து வுட்டாரு, மூடாதீங்க என்றேன். உள்ளே எல்லோரும் குரல் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் நிமிர்ந்து, சுவரில் மாட்டியிருக்கும் நன்கொடையாளர் படங்களைப் பார்த்தார்களாம்.

ஓட்டை இருக்கட்டும் என்று தீர்மானம் ஆனது. செயலாளர் பஷீருதீன், வெளியிலிருந்து ஒருவர் கூறியபடி என்று எழுதினாராம். அப்பா உட்காரவே இல்லையாம், பேர் போட்டு எழுதுங்க பாய் என்று நின்றாராம். எழுதினார்கள். இத்தனை வருஷத் தீர்மானப் புத்தகங்களில் தாத்தா பெயர் இப்போதுதான் வருகிறது, இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். பார்த்துவிட்டு அங்கேயே அழுதேன். மூட்டை மேல் ஏறிய முட்டி இன்னும் வலிக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு வந்தால் அந்த ஓட்டைக்குள் கை விட்டுப் பார், கயிறு தேய்த்த பள்ளம் வழவழவென்று இருக்கும். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. காதை மூடிக்கொள். ஃபேன் இன்னும் ஓடவில்லை.

இப்படிக்கு, தீர்மானப் புத்தகத்தில் உள்ளபடி,
சாலமோன் பேத்தி ஹெலன்,
உன் அம்மா.