நான் சொன்ன ‘சூப்பர்’

அன்பு மகள் சின்னுவுக்கு அம்மா எழுதுவது. உடம்பிலும் மனசிலும் ஒன்றுபோல நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நாங்கள் இருக்கிறோம், குறை சொல்ல ஒன்றுமில்லை, அலுப்புதான். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இரண்டு பேர் வேலையை விட்டு நின்றுவிட்டார்கள், மூன்று வார்டுப் படுக்கைவிரிப்பும் இப்போது என் தலையில்தான், சாயங்காலம் ஆனால் முழங்கால் என் பேச்சைக் கேட்பதில்லை. அப்பா இன்னும் கண்ணாடி மாற்றவில்லை, கேட்டால் "ஒர்க்‌ஷாப்புல நட்டு போல்ட்டெல்லாம் நல்லாத்தான் தெரியுது" என்கிறார்.

ஃபோனில் சொல்ல வாய் வராததால்தான் இதை எழுதுகிறேன். சின்ன வயசில் பார்த்து உனக்குப் படம் வரைகிற ஆசையே வந்தது என்பாயே, அந்தப் பழைய கார்ட்டூன் படத்தை எங்களைப் பார்க்கச் சொன்னாயே, அதை நான் சூப்பர் என்று சொன்னது பொய். அப்போது மெஷின் ஓடுகிறது, கையில் ஈரத்துணி, தோளில் ஃபோன், மேஸ்திரி முறைக்கிறார், நீ "எப்படிம்மா இருந்துச்சு" என்று கேட்டதும் சொல்லி வைத்துவிட்டேன். நீயோ அழுதே விட்டாய். அப்புறம் அப்பாவிடம், "அம்மாவுக்கே புடிச்சிருச்சு, கார்ட்டூன் வரையற என் வேலை என்னன்னு இப்பத்தான் அவங்களுக்குப் புரிஞ்சிருக்கு, இன்னும் அஞ்சு வருஷம் இந்தக் கம்பெனியிலயே இருக்கக் கையெழுத்துப் போட்டுடறேன்" என்று சொன்னாயாம். அதைக் கேட்டதும்தான் பேனாவை எடுத்தேன்.

உண்மையைச் சொல்கிறேன், கோபப்படாதே. நீ ஃபோன் பண்ணுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படத்தைப் போட்டோம், அப்பா முதல் பாட்டிலேயே குறட்டை, நானும் நடுவில் கண்ணயர்ந்துவிட்டேன். மோசமில்லை, ஆகா ஓகோ என்றும் இல்லை. ஏழு வருஷம் ஏரிக்கரையில் மரமாக நின்ற ராஜா மகள் மறுபடி பெண்ணாக மாறியதும் கால் வலிக்கிறது என்றாளா, ஒரு வாய் தண்ணீர் கேட்டாளா, நேரே பாட்டுதான், அப்புறம் யாரோ ஒரு இளவரசனின் குதிரையில் ஏறிப் போவதுதான். ஒரே ஒரு இடம் பிடித்தது. அரண்மனைப் பின்பக்கத்தில் இரண்டு வேலைக்காரிகள் விரிப்பு மடிக்கிறார்கள், ஒருத்தி உதறும்போது மற்றவள் கட்டைவிரலை மூலைக்குள் விட்டு இழுத்துப் பிடிக்கிறாள். நாங்களும் அப்படித்தான் பிடிப்போம், இல்லாவிட்டால் மடிப்பு கோணிவிடும். யாரோ பக்கத்தில் நின்று பார்த்து வரைந்திருக்கிறார், மூன்று தடவை பின்னால் ஓட்டிப் பார்த்தேன். உன் வேலை இதுதான் என்றால் எனக்குப் புரிகிறது, அதில் பொய்யில்லை. ஆனால் அந்த ராஜாவைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஏழு வருஷம் கழித்துத் திரும்பி வந்த மகளிடம், ஒருநாள் வீட்டில் இருந்துவிட்டுப் போம்மா என்று சொல்ல மாட்டாரா, மாடியில் நின்று கையை ஆட்டுகிறார். என்ன அப்பனோ போ.

கையெழுத்துப் போட வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் தாராளமாகப் போடு, நான் குறுக்கே நிற்க மாட்டேன். அம்மாவுக்குப் பிடித்துவிட்டது என்பதற்காக மட்டும் போடாதே. அம்மாவுக்கு எது பிடிக்கும் என்று நீயும் கேட்டதில்லை, நானும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், நீ வீட்டுக்கு வர வேண்டும் சின்னு.

எங்கே இருந்தாலும் ஒரு குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், அதுதான் எங்கள் ஆசீர்வாதம். வேளாவேளைக்குச் சாப்பிடு. கையெழுத்து அடுத்த மாதக் கடைசியில்தானே, அதற்குள் இது வந்துவிடும். பதில் எதுவானாலும் அப்பாவிடம் சொல்லி அனுப்பாதே, என்னிடமே சொல்.

உன் அம்மா